அம்மாவின் இரும்பு மாத்திரையும் உங்கள் வேதியியல் பாடமும்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் ஊட்டியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவுக்கு 43 வயது, கொழுந்து பறிக்கிற வேலை. அசதியாக இருக்கிறது என்று ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டும் 9.4தான் வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று காலை டிபனுக்குப் பிறகு டீயோடு போடுகிறார். கூடவே கால்சியம் மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கும் தினமும் ஒரு மாத்திரை உண்டு. இதற்கிடையில் மாமா ஒரு மல்டி மினரல் பவுடர் வாங்கி வந்திருக்கிறார். இரும்பு, ஜிங்க், செம்பு, மெக்னீசியம் எல்லாம் அதில் இருக்கிறதாம். கொடுக்கலாமா? புரதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு உலோக அயனி தேவை என்று வகுப்பில் நடத்தினார்கள். ஆணியில் இருப்பதும் அம்மா ரத்தத்தில் இருப்பதும் ஒரே இரும்புதானா? அப்படியானால் காந்தம் ஏன் இழுப்பதில்லை என்று தம்பி கேட்கிறான். உடம்புக்கு எதற்கு உலோகம்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

அம்மாவின் மாத்திரையைப் பற்றியும் பாடத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். முதலில் அம்மா.

மூன்று மாதத்தில் 0.3 கிராம் (100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு) என்பதை ஏறியதாகவே நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை பார்த்தாலும் அவ்வளவு வித்தியாசம் வரலாம். இரும்புக் குறைவுதான் காரணமாக இருந்து, மாத்திரையும் சரியாக உள்ளே போயிருந்தால், முதல் மாதத்திலேயே ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். அப்படி ஏறவில்லை என்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது: மாத்திரையின் இரும்பு குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகவில்லை, அல்லது போகிற அளவுக்கு ரத்தம் வேறு வழியில் வெளியேறுகிறது, அல்லது இந்த ரத்தசோகைக்கு இரும்பே காரணமில்லை.

டீயோடு மாத்திரை என்று படித்ததுமே எனக்கு முதல் காரணத்தின் மேல்தான் சந்தேகம் போனது. நீங்கள் வேதியியல் படிக்கிறீர்கள், வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் பால் விடாத டீயை வடிகட்டி ஆற வையுங்கள். அம்மாவின் மாத்திரையில் ஒன்றைக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி, மேல்பூச்சை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் தூளை டீயில் போட்டுக் கலக்குங்கள். செம்பழுப்பாக இருந்த டீ கொஞ்ச நேரத்தில் நீலம் கலந்த கறுப்பாக மாறும். அப்படியே விட்டால் அடியில் கரிய வண்டல் தங்கும். பார்த்து முடித்ததும் கீழே ஊற்றிவிடுங்கள், யாராவது எடுத்துக் குடித்துவிடப் போகிறார்கள்.

டீயில் துவர்ப்பைக் கொடுக்கும் பாலிஃபீனால்கள் இரும்பு அயனியைப் பிடித்துக்கொண்டதால் வந்த நிறம் அது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் ஊரில் எழுதுமை காய்ச்சியதும் இதே வினையை வைத்துத்தான். கடுக்காயில் இருப்பது துவர்ப்பு. அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். அரசு மருத்துவமனை இரும்பு மாத்திரையில் பெரும்பாலும் இருப்பதும் அந்த உப்புதான். சித்த மருத்துவத்தில் பாண்டு என்னும் ரத்தசோகை நோய்க்குத் தரும் அன்னபேதிச் செந்தூரத்தின் மூலப்பொருளும் அதுவே. டம்ளரில் நீங்கள் பார்த்த கறுப்பு, தினமும் காலையில் அம்மாவின் வயிற்றுக்குள்ளும் உண்டாகிறது. அந்தப் பிடியிலிருந்து இரும்பைக் கழற்றி எடுக்கக் குடலால் முடியாது. மாத்திரை மட்டுமில்லை, சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தாலே கீரையிலும் ராகியிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது பாதிக்கும் கீழே போய்விடும். டீ விளைகிற மலையில் இருந்துகொண்டு டீயை விடச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் அதைத் தள்ளி வைத்தால் போதும்.

கால்சியமும் இரும்பு உள்ளே போவதைக் குறைக்கும், அதனால் இரண்டையும் ஒரே வேளையில் போடக் கூடாது. நெஞ்செரிச்சல் மாத்திரை செய்வது வேறு விதமான இடைஞ்சல். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இரும்பு கரைந்த நிலையில் குடலுக்கு இறங்கும். அந்த மாத்திரையின் வேலையே அமிலத்தைக் குறைப்பது. நீங்களாக அதை நிறுத்த வேண்டாம். இன்னும் தேவைதானா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

இனி பாடம். ஆணியிலும் ரத்தத்திலும் இருப்பது ஒரே இரும்புதான், அதே 26 புரோட்டான். ஆணியில் கோடிக்கணக்கான இரும்பு அணுக்கள் நெருக்கமாக அடுக்கி, எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு இருக்கின்றன. ரத்தத்தில் ஒவ்வொரு இரும்பும் இரண்டோ மூன்றோ எலக்ட்ரானை இழந்த அயனியாக, மற்ற இரும்பிலிருந்து விலகி, தனித்தனியாகப் புரதத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆணியைக் காந்தம் இழுப்பதற்குப் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் அணிவகுக்க வேண்டும். தனித்தனியாக இருக்கும் அயனிகளுக்கு அது முடியாது. தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ரத்தமும் காந்தத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்று 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கொரியலும் கண்டுபிடித்தார்கள். மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று எம்.ஆர்.ஐ. கருவியில் பார்ப்பது அந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

ஒரு ஹீமோகுளோபினுக்கு நான்கு புரதச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் ஹீம் என்ற ஒரு தட்டையான வளையம், வளையத்தின் நடுவில் ஓர் இரும்பு. வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் இரும்பை நான்கு பக்கமும் பிடித்திருக்கின்றன. ஐந்தாவது பிடி, புரதச் சங்கிலியிலிருந்து நீளும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். ஆறாவது இடம் காலி, ஆக்சிஜன் வந்து உட்காருவதற்கு. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு வளையத்தின் தளத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. எவ்வளவு தெரியுமா? சுமார் 0.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்). ஆக்சிஜன் வந்ததும் அது தளத்துக்குள் இறங்குகிறது; இறங்கும்போது ஹிஸ்டிடினையும் இழுக்கிறது; ஹிஸ்டிடின் சங்கிலியை இழுக்க, அந்த அசைவு மற்ற மூன்று சங்கிலிகளுக்கும் பரவி, அவை அடுத்த ஆக்சிஜனை இன்னும் சுலபமாகப் பிடிக்கின்றன. நுரையீரலில் நிரம்பவும் தசையில் கொடுக்கவும் இந்த நகர்வுதான் காரணம். இதைப் படம் பிடித்துக் காட்டியவர் மாக்ஸ் பெரூட்ஸ். தசையில் இருக்கும் மையோகுளோபினின் வடிவத்தைக் கண்டவர் ஜான் கென்ட்ரு. இருவருக்கும் சேர்த்து 1962-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நான் மாணவனாக இருந்த காலத்திலிருந்து இன்றுவரை எனக்கு அலுக்காத பாடம் இது.

புரதம் இல்லாமல் ஹீமை மட்டும் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காது. இரும்பு இன்னும் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆகிவிடும். ஃபெரிக் இரும்புக்கு ஆக்சிஜனைச் சுமக்கத் தெரியாது. புரதம் ஹீமைச் சுற்றி மடிந்து, தண்ணீரை வெளியே நிறுத்தி, இரும்பை இரண்டு எலக்ட்ரான் மட்டும் இழந்த ஃபெரஸாகவே வைத்திருப்பதால்தான் ஒரே இரும்பு திரும்பத் திரும்பச் சுமக்கிறது. தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். வெட்டுவது இரும்புதான், ஆனால் பிடி இல்லாத இரும்பை எடுத்தவர் கையைத்தான் அது முதலில் வெட்டும். உலோக அயனிக்குப் புரதம் அந்த மாதிரி ஒரு பிடி. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் இதை வைத்தே பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பிடி இல்லாத இரும்பு உடம்பில் என்ன செய்யும் என்று உங்கள் பாடத்தில் ஃபென்டன் வினை என்று வந்திருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ராடிக்கல் உண்டாக்கும், அது டி.என்.ஏ., கொழுப்பு, புரதம் என்று கிடைத்ததையெல்லாம் தாக்கும். அதனால் உடம்பு இரும்பைத் தனியாக விடுவதே இல்லை. ரத்தத்தில் கொண்டுபோக டிரான்ஸ்ஃபெரின். சேமித்து வைக்க ஃபெரிட்டின் — 24 புரதத் துண்டுகள் சேர்ந்த உள்ளீடற்ற உருண்டை, ஒன்றுக்குள் 4,500 இரும்பு அணு வரை வைக்கலாம். ஒரு பெண்ணின் உடம்பில் மொத்தமே மூன்று கிராம் வாக்கில்தான் இரும்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினில். சிவப்பணு 120 நாள் வாழ்ந்து அழியும்போது அதன் இரும்பை மண்ணீரல் பிரித்தெடுத்துத் திரும்பவும் கொடுக்கிறது. இந்த வழியில் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கிறது. சாப்பாட்டிலிருந்து எடுப்பது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான்.

இன்னொரு விஷயம், நம் உடம்புக்கு இரும்பை வெளியே தள்ள வழி கிடையாது. உப்பு மிஞ்சினால் சிறுநீரில் போகும். இரும்பு மிஞ்சினால் ஈரலிலும் இதயத்திலும் தங்கும். ஆகவே கட்டுப்பாடு முழுக்கக் குடலில்தான். ஒரு மாத்திரை இரும்பு உள்ளே போனதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஒரு நாள் வாக்கில் குடலை மேற்கொண்டு இரும்பு எடுக்க விடாமல் செய்கிறது. இதைக் கவனித்த பிறகு, லேசான இரும்புக் குறைவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை கொடுக்கிற வழக்கம் வந்திருக்கிறது. போடுகிற அன்று உடம்பு எடுத்துக்கொள்ளும் விகிதம் கூடுகிறது, குமட்டலும் குறைகிறது. அம்மாவுக்கு அது போதுமா என்பதை அவர் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஹீமின் ஆறாவது இடம் காலி என்று சொன்னேனே, அதில் கார்பன் மோனாக்சைடும் வந்து உட்காரும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்காரும், சுலபத்தில் எழுந்து போகாது. குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்குகிறவர்களைக் கொல்வது இதுதான். வாசனை கிடையாது, மூச்சுமுட்டல் தெரியாது. தலைவலி வரும், அப்புறம் மயக்கம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கிறவர்களும் சுற்றிப்பார்க்க வருகிறவர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம். தூங்கும் அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம். உங்கள் கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும், ஆனால் ஹீமைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

சரி, உடம்புக்கு ஏன் உலோகம்? புரதம் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றை வைத்துப் பெரும்பாலான காரியங்களைச் செய்துவிடலாம். ஆனால் எலக்ட்ரானை ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுக்கவும், ஆக்சிஜனைக் கையாளவும், தண்ணீர் மூலக்கூறை உடைக்கவும் அவற்றால் மட்டும் முடிவதில்லை. இரும்பும் செம்பும் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துத் திரும்ப வாங்கும். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேருவது சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியிடம். அதில் இரும்பும் செம்பும் அடுத்தடுத்து இருக்கின்றன.

துத்தநாகத்தின் குணம் இதற்கு நேர் எதிர். நீங்கள் ஜிங்க் என்று எழுதியிருப்பது அதைத்தான். எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கலில் அது இறங்குவதில்லை, எப்போதும் இரண்டு நேர்மின்சுமையோடு அப்படியே நிற்கும். அதனால்தான் டி.என்.ஏ.வுக்குப் பக்கத்தில் வைத்தாலும் ஆபத்தில்லை. டி.என்.ஏ.வைப் படிக்கும் புரதங்கள் பலவற்றில் ஒரு துத்தநாக அயனியைச் சுற்றிப் புரதம் விரல் மாதிரி மடிந்திருக்கும். 1985-இல் ஆரன் குளூக் குழுவினர் இதைச் சொன்னார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைக் கரைக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியிலும் துத்தநாகம்தான். அது பக்கத்தில் இருக்கும் தண்ணீரிலிருந்து ஒரு புரோட்டானைப் பிரித்து, மிச்சத்தைக் கார்பன் டை ஆக்சைடின் மேல் ஏவுகிறது; ஒரு நொதி மூலக்கூறு ஒரே வினாடியில் பத்து லட்சம் முறை அளவுக்கு இதைச் செய்யும். மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரும் என்பதை உலகம் நம்பியது 1960-களில்தான். ஈரானின் ஷிராஸில் வேலை பார்த்த ஆனந்த பிரசாத், பீகாரில் பிறந்த மருத்துவர், வளர்ச்சி நின்றுபோன இளைஞர்களைக் கவனித்து அதைத் தொடங்கிவைத்தார். இன்று குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரை கொடுப்பதற்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது.

மெக்னீசியத்தை நீங்கள் தினமும் சமையலறையில் பார்க்கிறீர்கள். கீரையைப் புளி விட்டுக் கொதிக்க வைத்தால் பச்சை மங்கிப் பழுப்பாகிறதே, அது பச்சையத்தின் நடுவில் இருந்த மெக்னீசியத்தை அமிலத்தின் புரோட்டான் வெளியே தள்ளியதால். பச்சையத்தின் வளையமும் ஹீமின் வளையமும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஒன்றில் மெக்னீசியம், மற்றதில் இரும்பு. நம் உடம்பில் மெக்னீசியத்துக்கு வேறு வேலை. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு எங்கே பயன்பட்டாலும் பெரும்பாலும் ஒரு மெக்னீசியத்தைச் சேர்த்துக்கொண்டே பயன்படும். ஆர்.என்.ஏ. மடிவதற்கும் அது வேண்டும்.

செம்பைப் பார்க்க வேண்டுமென்றால் டீ ஃபேக்டரிக்குள் போங்கள். ரோலரில் உருட்டிய கொழுந்து, நொதிக்கப் போட்டதும் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுகிறது. மாற்றுவது இலையிலேயே இருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி; அதன் மையத்தில் இரண்டு செம்பு அயனிகள். மண்ணில் செம்பு போதாத மலாவி நாட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் கொழுந்து சரியாக நொதிக்காமல் போனதும், செம்பு கொடுத்ததும் சரியானதும் தேயிலை ஆராய்ச்சியில் பேர்போன சங்கதி. அப்புறம் சூட்டில் உலர்த்தும்போது பச்சையம் மெக்னீசியத்தை இழந்து கருக்கிறது. டீத்தூளின் நிறத்தில் பாதிக் கதை செம்பு வந்து வேலை செய்தது, மீதிக் கதை மெக்னீசியம் வெளியேறியது.

கோபால்ட்டைப் பற்றி ஒரு வரி போதும்: பி12 வைட்டமினின் நடுவில் அது இருக்கிறது, பி12 குறைந்தாலும் ரத்தசோகை வரும், அதற்கு இரும்பு மாத்திரை பயன்படாது. பால், முட்டை, மீன், கறி எதுவும் அதிகம் சேர்க்காத வீடு என்றால் இதையும் பார்க்க வேண்டும்.

இப்போது மாமா வாங்கி வந்த பவுடர். பாசத்தில் வாங்கியிருக்கிறார், ஆனால் இப்போதைக்கு வேண்டாம். காரணம் இதுதான். ஜிங்க் அதிகமாக உள்ளே போனால் குடலின் செல்கள் மெட்டல்லோதயோனின் என்ற புரதத்தைக் கூடுதலாகச் செய்யும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடிக்கும். பிடித்த செம்போடு குடலின் செல் உதிர்ந்து வெளியே போய்விடும். தினமும் 50 மில்லிகிராமுக்கு மேல் ஜிங்க் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் செம்புக் குறைவு வந்து, அதனாலேயே ரத்தசோகை வந்ததுண்டு. செம்புக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், சேமிப்பிலிருந்து வரும் ஃபெரஸ் இரும்பை ஃபெரிக்காக மாற்றினால்தான் டிரான்ஸ்ஃபெரின் ஏற்றிக்கொள்ளும்; அதை மாற்றித் தருவது செருலோபிளாஸ்மின் போன்ற செம்புப் புரதங்கள். இரும்பு மட்டும் கொடுத்துச் சரியாகாத எலிகளின் ரத்தசோகை, கூடவே துளி செம்பு கொடுத்ததும் சரியானது என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1928-லேயே காட்டிவிட்டார்கள். அந்த டப்பாவில் எது எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். இரும்பும் கால்சியமும் மெக்னீசியமும் ஜிங்க்கும் ஒரே கரண்டியில் போனால் குடலில் ஒன்றை ஒன்று தடுக்கும். எது குறைகிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டுவதைவிட, குறைவதைக் கண்டுபிடித்து அதை மட்டும் கொடுப்பது மேல்.

ஆகவே அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது ஹீமோகுளோபின் மட்டும் போதாது. ஃபெரிட்டின், சிவப்பணுவின் அளவு, ரத்தப் பூச்சுப் பரிசோதனை (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது), பி12 இவற்றைக் கேளுங்கள். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. குறையவில்லை என்றால் உடனே முடிவு கட்ட வேண்டாம்; காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் போலியாகக் கூடிக் காட்டும். அது எதுவும் இல்லாமல் ஃபெரிட்டின் நன்றாகவே இருந்து, சிவப்பணு மட்டும் சிறிதாக இருந்தால் தலசீமியா கூறு, அதாவது ஹீமோகுளோபின் புரதச் சங்கிலி போதிய அளவு உருவாகாத பரம்பரைக் குறை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் மலையில், சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் பரம்பரை நோயான சிக்கிள் செல்லையும் சேர்த்துக்கொள்வேன். இந்தியாவில் சிக்கிள் செல் கூறு முதன்முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இங்கே மலைவாழ் மக்களிடம் அதைக் கண்டு எழுதினார்கள். பழங்குடிக் குடும்பங்களுக்காக 2023-இல் தேசிய அளவில் ஒரு பரிசோதனைத் திட்டமும் தொடங்கியிருக்கிறது. இந்த நோய்களில் இரும்பு சரியாகவே இருக்கும், கோளாறு புரதத்தில். சிக்கிள் செல்லில், ஹீமோகுளோபினின் நான்கு சங்கிலிகளில் பீட்டா என்ற வகைச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம். இதில் இரும்பு குறையாதவருக்கு இரும்பு மாத்திரையை வருஷக்கணக்கில் கொடுத்தால், வெளியேற வழி இல்லாத இரும்பு உடம்பில் சேரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. கோத்தகிரி 1,800 மீட்டர் வாக்கில் இருக்கிறது. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதனால் இங்கே இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இந்த உயரத்துக்கு ஒரு கிராம் வாக்கில் கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அம்மாவின் 9.4-ஐ சமவெளியில் இருப்பவரின் 8.4 அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

ரத்தம் எங்காவது போகிறதா என்பதை அம்மாவிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும், அவராகச் சொல்ல மாட்டார். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? 43 வயதில் கர்ப்பப்பைக் கட்டியால் இப்படி ஆவது சகஜம். ஆரோக்கியமானவரின் ரத்தம் ஒரு மில்லி லிட்டர் போனால் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதம் 80 மில்லி லிட்டர் போனால் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் எடுக்கும் உடம்பு, அதிலும் பாதி டீயால் தடைபடும்போது, அதை எப்படி ஈடுகட்டும்? மூலம் இருக்கிறதா, மலத்தோடு ரத்தம் போகிறதா என்றும் கேளுங்கள். இரும்பு மாத்திரை போடும்போது மலம் கறுப்பாகத்தான் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு போனால் உடனே காட்டுங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் இருந்தால் கொக்கிப்புழு இருக்கலாம், அதற்கு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

மாத்திரையை இப்படி மாற்றிப் பாருங்கள். வேலை விட்டு வந்து ஐந்து மணிக்கு டீ குடித்தால், இரும்பு மாத்திரை ஏழு மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். கூடவே ஒரு கொய்யாத் துண்டு அல்லது நெல்லிக்காய். அதிலுள்ள வைட்டமின் சி, ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றிக் குடல் எடுக்கும்படி வைத்திருக்கும். அந்தத் துண்டு உள்ளே போவதால் குமட்டலும் அடங்கும். அப்படியும் குமட்டினால் இரண்டு வாய்ச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போடட்டும், கொஞ்சம் குறைவாகத்தான் உள்ளே போகும், ஆனால் போடாமல் விடுவதற்கு அது பரவாயில்லை. கால்சியம் மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு தள்ளிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருந்தால் வழி சரி. ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஃபெரிட்டின் நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி மாவட்ட மருத்துவமனையில் பேசுங்கள்.

நடக்கும்போது மூச்சு வாங்குவது, படபடப்பு, நெஞ்சுவலி, மயக்கம் இதில் எது வந்தாலும் நான்கு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டையைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிவப்பாக, இனிப்புப் பூச்சோடு இருப்பதால் மிட்டாய் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கு மருந்தாகும் இரும்பு ஒரு கைப்பிடி மாத்திரை அளவில் குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.